பத்திரம் இல்லையென்றாலும் கடன் கடன்தான்
“மைத்துனருக்குக் கொடுத்த பணத்துக்குப் பத்திரம் இல்லை, கோர்ட்டுக்கே போக முடியாது” என்று அண்ணாச்சி எழுதியிருப்பது தவறு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழிக் கடனும் செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. வங்கிப் பதிவை மட்டும் காட்டினால் “அது அன்பளிப்பு” என்று சாதிப்பார்கள். “அறுவடை முடிந்ததும் தந்துவிடுகிறேன் அத்தான்” என்று மைத்துனர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதல்லவா, அதை அழித்துவிடாதீர்கள். கொடுக்கும்போது உடனிருந்தவரின் சாட்சியமும் உதவும்.

உண்மையான ஆபத்து கெடுதான். பொதுவாக, பணம் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கோயில் கொடை முடியட்டும், பங்குனி உத்திரம் போகட்டும் என்று நம் பக்கத்தில் இழுத்தே அது கழிந்துவிடும்! கெடுவுக்குள் மைத்துனர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். உறவு முறியாமல் முடிக்க நினைத்தால், சமரசம் பேசி முடிக்க உதவும் திருநெல்வேலி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் முதலில் மனுக் கொடுங்கள்.