பின்னட்டைக்கு 150 சொற்கள்

300 பக்க ஆய்வு நூலை எழுதி முடித்துவிட்டேன். பின்னட்டைக்கான 150 சொற்கள்தான் மூன்று வாரமாக உயிரை வாங்குகின்றன. பதிப்பகத்தார் சொல்கிறார்கள், துறைக்கு வெளியே இருப்பவருக்கும் புரிய வேண்டுமாம். துறைக்காரர்கள் தேடும் கலைச்சொற்களும் இருக்க வேண்டுமாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

‘இந்நூல் ஆராய்கிறது’ என்று தொடங்கினேன். முதல் வரியிலேயே வாதத்தைச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். நியாயம்தான், இணையக் கடையில் நாலு வரிக்குள் ‘மேலும் படிக்க’ வந்து மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. சொன்னேன். இப்போது அதிலிருக்கும் ‘ஓரளவுக்கு’, ‘எனலாம்’ இரண்டையும் வெட்டச் சொல்கிறார்கள். அந்த ‘எனலாம்’ போய்விட்டால் மதிப்புரையாளர் என்னையல்லவா வெட்டுவார்!

பதிப்பகத்தின் படிவத்தில், யாருக்கான நூல் என்ற கட்டத்தில் ‘மாணவர்கள், ஆய்வாளர்கள், ஆர்வமுள்ள பொது வாசகர்கள்’ என்று நிரப்பினேன். அந்தப் பொது வாசகரை இதுவரை நான் நேரில் கண்டதில்லை.