சென்னைக்கு வாங்க, கொஞ்சம் ஓரமா நில்லுங்க

சென்னைக்காரங்களுக்கு வெளியூர்க்காரங்களைக் கண்டாலே ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்கள், இந்த ஊரில் எத்தனை பேருக்குச் சொந்த ஊர் வேறே என்று புரியும். வந்தவங்களால் ஆன ஊர் இது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மேல் எரிச்சல் வருவது நிஜம்தான். ஆனால் அதற்குக் காரணம் உங்கள் உடையோ, தமிழ் தெரியாததோ இல்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் போய் நிற்கிறீர்கள் என்பதுதான் பிரச்சினை.

மயிலாப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கபாலீஸ்வரர் கோயில் ராஜகோபுரம் கிழக்குப் பக்கம். முழு கோபுரமும் படத்தில் அடங்க வேண்டும் என்று எல்லோரும் சன்னதித் தெரு நடுவில் வந்து நிற்கிறார்கள், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் வெயில் கோபுரத்துக்கு முதுகுப் பக்கம் இருக்கும். படமும் இருட்டாக வரும், பின்னாடி பூக்கூடையோடு வருகிறவருக்கும் வழி இருக்காது. கிழக்கு கோபுரத்துக்குக் காலை ஆறரை, ஏழுதான் சரியான நேரம். சாயங்காலம்தான் வர முடியும் என்றால் குளத்துக்கு மேற்கே, ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் போய்விடுங்கள். வெளிச்சமும் நல்லாயிருக்கும், யாரும் முறைக்கவும் மாட்டார்கள். மத்தியானம் நடை சாத்திவிட்டு நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். மாதம் இரண்டு பிரதோஷம் வரும். அன்றைக்கு நாலரையிலிருந்து ஆறு வரை மாட வீதிகளில் நிற்கவே இடம் இருக்காது. வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் என்றால் வேறொரு நாள் வாருங்கள். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கண்டிப்பு கோயிலுக்குக் கோயில் மாறும். வாசலில் யாரும் தடுக்கவில்லை என்பதற்காக பிரகாரத்தில் ரீல்ஸ் எடுக்கக் கிளம்பாதீர்கள்.

பஸ்ஸுக்குத் தனிப் பாடமே வேண்டும். மாநகரப் பேருந்தில் கண்டக்டர் பெரும்பாலும் தன் சீட்டை விட்டு எழுந்து வர மாட்டார், காசுதான் அவரிடம் போகும். பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டி இருபது ரூபாயை நீட்டி "ஒரு லஸ்" (லஸ் ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்) என்றால் பயப்பட வேண்டாம், அதை வாங்கி கண்டக்டர் இருக்கும் பக்கம் நிற்கிறவரிடம் கொடுங்கள். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும், அதையும் கொடுத்துவிடுங்கள். நடுவில் ஒருவர் புரியாமல் கையில் வைத்துக்கொண்டு முழித்தால் மொத்தச் சங்கிலியும் நின்றுபோகும், அப்புறம் எழும் கூச்சல் உங்கள் மேல்தான் விழும். சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். அதற்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவரைக் கண்டக்டர் என்ன சொன்னாலும் நாங்கள் கண்டக்டர் பக்கம்தான்.

இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு. எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் பரவாயில்லை, கேட்டதும் எழுந்துவிடுங்கள். 2021 மே முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. டீலக்ஸ், ஏசி பஸ்ஸுக்கு இது செல்லாது. இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் இருந்துவிடக் கூடாது. செக்கிங்கில் அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டைத்தான் கேட்பார்கள்.

எலெக்ட்ரிக் ரயிலுக்கு ஒன்றே ஒன்று. காலை எட்டரைக்குத் தாம்பரத்தில் இறங்கி, இரண்டு டிராலிப் பெட்டிகளோடு பீச் ஸ்டேஷன் போகும் வண்டியில் ஏறாதீர்கள். பத்தரை வரை ஒரு டிபனைச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். அந்த டிபன் கடையிலும் கூட்ட நேரத்தில் உங்கள் மேஜையில் முன்பின் தெரியாதவர் வந்து உட்காருவார், முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் காத்துக்கொண்டு நிற்பார். இது மரியாதைக் குறைவு இல்லை. காபி டம்ளர் காலியானதும் பில்லை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டோ விஷயத்தில் குற்றம் இரண்டு பக்கமும் இருக்கிறது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 என்று அரசு நிர்ணயித்தது 2013-இல். அந்தக் கணக்கைச் சொல்லி மீட்டர் போடச் சொன்னால் சண்டைதான் வரும். கேட்ட முந்நூறை அப்படியே கொடுத்துவிட்டுப் போனாலோ, அடுத்து ஏறும் உள்ளூர்ப் பாட்டியிடமும் அதே முந்நூறைத்தான் கேட்பார்கள். ஏறுவதற்கு முன் அதே தூரத்துக்கு ஏதாவது ஒரு ஆப்பில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதோடு பத்து, இருபது சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் படியும்.

கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது மெரினா பக்கத்து மீனவர் குப்பமான நொச்சிக்குப்பம். காலையில் படகுகள் கரை சேர்ந்ததும் மீன் வியாபாரம் சூடு பிடிக்கும். கேமராவோடு வருகிறவர்களும் அந்த நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். பலகையை மறித்துக்கொண்டு விலை கேட்டு, படம் எடுத்து, வாங்காமல் போகிறார்கள். மீன்காரம்மா திட்டினால் "சென்னை பாஷை" என்று அதையும் வீடியோவாகப் போடுகிறார்கள். முதலில் ஒரு கூறு மீன் வாங்குங்கள். வெட்டிச் சுத்தம் செய்து தருகிறவர்களுக்குக் கூலி தனி. அதற்கப்புறம் "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி இருக்கும். மணலில் விரித்திருக்கும் வலையின் மேல் செருப்புக்காலோடு நடக்காதீர்கள். ஒரு கண்ணி அறுந்தாலும் யாரோ உட்கார்ந்து கையால் பின்ன வேண்டும். படகுக்குப் பின்னால் தெரிவது குடியிருப்பு. அந்த மொட்டை மாடிகளுக்கு மேல் டிரோன் பறக்கவிட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

உள்ளூர்க்காரர்கள் யோக்கியமா என்றால், இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வளைவுகளில் காரை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களில் நம்ம சென்னை வண்டிகள் எத்தனை என்று அங்கே இருக்கிறவர்களைக் கேளுங்கள். 2024 மே முதல் அந்த இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வந்ததில் நமக்கும் பங்கு உண்டு. மார்கழிக் கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்கு நடப்பதும் நம்ம ஆட்கள்தான், அதை வெளியூர்க்காரர் தலையில் கட்ட முடியாது.

கடைசியாக மெரினா. இங்கே குளிக்கத் தடை இருக்கிறது. கணுக்கால் தண்ணீர்தானே என்று இறங்குகிறார்கள். கரை சட்டென்று சரியும், திரும்பிப் போகும் அலை காலுக்கடியில் இருக்கும் மணலையும் சேர்த்து இழுக்கும். நனைந்த ஜீன்ஸும் சேலையும் கனத்துப்போய் எழுந்து நிற்க விடாது. நீச்சல் தெரியும் என்கிறவர்களும் இந்த இழுவையில் தடுமாறிப்போவார்கள். மூழ்குகிறவர்களைத் தூக்கக் குதிக்கிறவர்களில் பலர் பக்கத்துக் குப்பத்து மீனவர்கள். போலீஸ் விசில் ஊதினால் திரும்பிப் பார்த்துச் சிரிக்காமல் மேலே வந்துவிடுங்கள். காணும் பொங்கல் அன்று குழந்தைகளோடு வருகிறீர்கள் என்றால், பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீசாரே குழந்தையின் கையில் கட்டிவிடுவார்கள். மணலில் இறங்குவதற்கு முன்னாடியே அதைக் கட்டிக்கொள்ளுங்கள்.