அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அதை உங்கள் கட்டுரையில் "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பரம்பரை நோய்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படித்ததும் மனசு பதறிவிட்டது. என் அக்காவுக்கு 26 வயதில் வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் குங்குமம் வெளுத்த செங்கல் மாதிரி தெரியுதுடி என்றாள். அதுதான் ஆரம்பம். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் என்னையும் நோயாளியாகவே பார்த்தார்கள்.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும், மற்றவருக்கு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுதான். கூடப்பிறந்தவர்களுக்கோ நூற்றில் இரண்டு, மூன்று. எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்ற மரபணு வடிவம் ஆபத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது, உண்மைதான். ஆனால் அதைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. இதுபோக 200க்கும் மேற்பட்ட மரபணு மாறுபாடுகள் உண்டு. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொற்றும் எப்ஸ்டைன்-பார் வைரஸைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்த ஆய்வில், அந்தத் தொற்றுக்குப் பிறகு ஆபத்து 32 மடங்கு கூடியதாக 2022-இல் வெளியானது. புகைப்பழக்கத்துக்கும் வைட்டமின் டி குறைவுக்கும்கூடப் பங்கு உண்டு.

அக்கா மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.