கார்ஃப் கோட்டை தானாக இடியவில்லை
"கார்ஃப் கோட்டைக் கோபுரம் வயதாகித் தானே சரிந்தது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. இங்கிலாந்தின் டார்செட்டில், குன்றின் உச்சியில் நிற்கும் அந்தக் கற்கோபுரம் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி மன்னர் காலத்தில் கட்டியது. ஐந்நூறு வருஷம் கெட்டியாகத்தான் நின்றது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், மன்னர் பக்கம் நின்ற கோட்டை உரிமையாளரின் மனைவி மேரி பேங்க்ஸ் சீமாட்டி 1643இல் நாடாளுமன்றப் படையின் ஆறு வார முற்றுகையையே சமாளித்தார். 1646இல் கோட்டை பிடிபட்டதுகூட உள்ளே இருந்த அதிகாரி ஒருவர் காட்டிக்கொடுத்ததால்தான் (வழக்கமான கதை!). அப்புறம் நாடாளுமன்றமே இடிக்கச் சொன்னது. சுவருக்கு அடியில் குடைந்து வெடிமருந்து வைத்தார்கள். உள்வாசலைப் பாருங்கள்: வளைவு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மட்டும் நின்றவாக்கிலேயே கீழே இறங்கியிருக்கும். உதிர்ந்த கற்களை எடுத்துப்போய் ஊர்க்காரர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள்.