ஜூரோங் தீவுக்கு அருகே மிதந்த திமிங்கிலமும் ஒரு மாணவியின் கேள்வியும்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பின் நடந்த இளையர் கூட்டத்திற்குச் சிறப்புப் பேச்சாளராக வந்திருந்தவர், பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும், வால் போன்ற கசையிழையைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார். மோட்டாரைப் போலச் சுழலும் அந்த உறுப்பில் ஒரு பாகத்தை எடுத்தாலும் முழுவதும் நின்றுவிடும் என்றும், அதனால் அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்றும், ஓர் அறிவுதான் அதை வடிவமைத்திருக்க வேண்டும் என்றும், எனவே பரிணாமக் கொள்கையை ஏற்பவர் படைத்தவரை மறுக்கிறார் என்றும் சொல்லி முடித்தார். தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, தான் படிக்கும் உயிரியல் பாடத்தில் பரிணாமம் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாக இருக்கிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மரியாதையாகத்தான் கேட்டாள். முதலில் விசுவாசத்தில் வேரூன்று, கேள்விகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அவளுக்குக் கிடைத்த பதில்.

தேநீர் நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, பரீட்சையில் ஒன்றை எழுதிவிட்டுச் சபையில் வேறொன்றைச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நான் மருத்துவமனை ஆய்வுக்கூடம் ஒன்றில், நுண்ணுயிரியல் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவள். ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். கர்த்தர் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்பதை முழு மனத்தோடு விசுவாசிக்கிறேன். உயிரினங்கள் பொது மூதாதையரிடமிருந்து பல கோடி ஆண்டுகளில் கிளைத்து வந்தன என்பதையும் ஏற்கிறேன். இந்த இரண்டையும் ஒருவர் நேர்மையாகச் சேர்த்து வைத்திருக்க முடியும் என்று எழுத வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் கசையிழையையே எடுத்துக்கொள்வோம். அந்த வாதத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹீ. பாகங்களைக் குறைத்தால் வேலை செய்யாத இத்தகைய அமைப்புகளைப் பற்றி 1996இல் அவர் நூல் எழுதினார். அவர் கத்தோலிக்கர், உலகின் வயது பல நூறு கோடி ஆண்டுகள் என்பதையும், மனிதனும் குரங்கினங்களும் பொது மூதாதையரிடமிருந்து வந்தன என்பதையும் ஏற்றுக்கொண்டவர். நம் சபைகளில் அவருடைய வாதத்தை எடுத்துக்காட்டும் பலர் இதைக் குறிப்பிடுவதே இல்லை. ஆறே நாளில் உலகம் படைக்கப்பட்டது என்று நம்புகிறவரும், பூமி பழமையானது என்று ஏற்றுக்கொண்டு சில உறுப்புகளுக்கு மட்டும் வடிவமைப்பாளரைத் தேடுகிறவரும் ஒரே மேடையில் நின்று ஒரே படத்தைக் காட்டுகிறார்கள். அவர்களுக்குள் இருக்கும் வேறுபாடு பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை.

கசையிழையின் அடிப்பகுதியிலுள்ள புரதங்களை ஒத்த புரதங்கள், வேறு வேலை செய்யும் வேறோர் அமைப்பிலும் இருக்கின்றன. கொள்ளைநோயை உண்டாக்கும் பாக்டீரியா உட்படச் சில கிருமிகள், நம் உயிரணுக்களுக்குள் நச்சுப் புரதங்களைச் செலுத்த ஊசி போன்ற அமைப்பு ஒன்றை வைத்திருக்கின்றன. அது சுழல்வதில்லை, நீந்தவும் உதவுவதில்லை; ஆயினும் பாதிப் பாகங்கள் பயனற்றவை என்ற வாதத்தை அது தகர்க்கிறது. ஒரு வேலைக்கு இருந்த பாகம் வேறொரு வேலைக்குப் போய்ச் சேர்வது உயிருலகில் மிகவும் சாதாரணம்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் வேறொன்று உண்டு. சிறுநீர்த் தொற்றோடு வரும் நோயாளிகளின் மாதிரிகளை நான் நாள்தோறும் அகார் தட்டுகளில் வளர்க்கிறேன். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகம்வரை ஏறிச் செல்வதற்கு ஈ.கோலை கிருமிக்கு உதவுவது, அன்று திரையில் காட்டப்பட்ட அதே கசையிழைதான். அதை நேரடியாகத் திட்டமிட்டுச் செதுக்கிய கரம் என்று நாம் கர்த்தரைக் காட்டினால், காய்ச்சலில் நடுங்கும் மூதாட்டியிடம் என்ன சொல்வது? பீஹீயே 2007இல் எழுதிய நூலில் மலேரியாக் கிருமியும் வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். தன் வாதத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்ற நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்த எல்லையில் நான் ஆராதிக்கும் தேவனை என்னால் காண முடியவில்லை. உயிருலகில் உள்ள துன்பம் பரிணாமத்தை ஏற்பவருக்கும் கடினமான கேள்விதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வடிவமைப்பு வாதம் அதை எளிதாக்குவதற்குப் பதிலாக மேலும் கொடியதாக்குகிறது.

இனி திமிங்கிலத்திற்கு வருகிறேன். 2015 ஜூலை 10ஆம் தேதி, ஜூரோங் தீவுக்கு அருகே 10.6 மீட்டர் நீளமுள்ள எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நாட்டின் ஐம்பதாவது ஆண்டில் வந்ததால் அதற்கு ஜூபி லீ என்று பெயரிட்டார்கள். அதன் எலும்புக்கூடு இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள லீ கொங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. நான் மூன்று முறை போய்ப் பார்த்திருக்கிறேன். துடுப்பு என்று நாம் நினைப்பதற்குள், கையின் எலும்புகளும் விரல்களின் எலும்புகளும் இருக்கின்றன. பொதுவாகத் திமிங்கிலங்களின் உடலுக்குள், முதுகெலும்போடு சேராமல், தசைக்குள் புதைந்த சிறு இடுப்பெலும்புகள் உண்டு. இனப்பெருக்க உறுப்புகளின் தசைகளைத் தாங்க அவை இன்றும் பயன்படுகின்றன. அவற்றை வெறும் குப்பை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடக்காத விலங்குக்கு இடுப்பெலும்பு எங்கிருந்து வந்தது? டால்பின் கருவில் பின்னங்கால்களுக்குரிய மொட்டுகள் தோன்றிப் பிறகு மறைகின்றனவே, அது ஏன்? நிலத்தில் நடந்த மூதாதையர் இருந்தார்கள் என்பதே இதற்கு நேரான விடை.

அந்த மூதாதையரின் புதைபடிவம் எங்கே என்றுதான் ஒரு காலத்தில் கேட்டார்கள். வடிவமைப்பு வாதத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டு செல்ல எழுதப்பட்ட 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற பாடநூலின் 1993ஆம் ஆண்டுப் பதிப்பு, நில விலங்குகளையும் திமிங்கிலங்களையும் இணைக்கும் தெளிவான இடைநிலைப் படிவங்கள் இல்லாததை ஒரு சான்றாகவே முன்வைத்தது. மறு ஆண்டே, 1994இல், பாகிஸ்தானில் கிடைத்த, 'நடக்கும் திமிங்கிலம்' என்று பொருள்படும் ஆம்புலோசீட்டஸ் என்ற புதைபடிவத்தைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. பிறகு மேலும் பல கிடைத்தன. அவற்றுள் என் மனத்தை மிகவும் தொட்டது நம் துணைக்கண்டத்துக் கதை ஒன்று. இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கராவ் காஷ்மீரில் சேகரித்து வைத்த பாறைகளை, அவர் மறைந்த பிறகு அவருடைய மனைவி ஆய்வுக்காகக் கொடுத்தார். அவற்றில் இருந்த சிறு மண்டையோடு ஒன்று தற்செயலாக உடைந்தபோது, திமிங்கிலங்களுக்கே உரிய தடித்த காது எலும்பு உள்ளே தெரிந்தது. மான் குட்டியளவு இருந்த, நான்கு கால் கொண்ட அந்த விலங்குக்கு இந்தோஹையஸ் என்று பெயர். 2007இல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1993இல் அந்தப் பாடநூலைப் படித்து, திமிங்கிலத்தின் இடைநிலைப் படிவம் இல்லை என்பதைத் தன் விசுவாசத்தின் தூணாக வைத்துக்கொண்ட ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். ஓராண்டில் அந்தத் தூண் சரிந்திருக்கும். அறிவியலுக்கு இன்று தெரியாத இடமே தேவன் இருக்கும் இடம் என்று நாம் சொல்லிக்கொடுத்தால், ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவதாகத்தான் பிள்ளைகள் உணர்வார்கள். நாஜிகளின் சிறையிலிருந்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1944 மே மாதம் எழுதிய கடிதம் ஒன்றில் இதையே எச்சரித்தார். நம் அறிவின் ஓட்டைகளை அடைக்கும் பொருளாகத் தேவனை வைக்கக் கூடாது என்றும், நாம் அறிந்தவற்றில்தான் அவரைக் காண வேண்டும் என்றும் எழுதினார்.

வடிவமைப்பு வாதம் அறிவியலா என்ற கேள்வி நீதிமன்றத்திலும் விசாரிக்கப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம், உயிரியல் வகுப்பில் இந்த வாதத்தை அறிமுகப்படுத்தும் அறிக்கையை வாசிக்க வேண்டும் என்று 2004இல் முடிவெடுத்தது. பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள். படைப்புவாதத்தை அரசுப் பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்ததும், அதே 'பாண்டாஸ்' பாடநூலின் கையெழுத்துப் பிரதிகளில் 'படைப்புவாதிகள்' என்ற சொல் நீக்கப்பட்டு 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்பது செருகப்பட்டது அங்கே வெளிப்பட்டது. ஓரிடத்தில் பழைய சொல்லின் முனைகள் அழிபடாமல் புதிய சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தன. விசுவாசத்தின் பெயரால் சொல்லை மட்டும் மாற்றி உள்ளே நுழைவது எனக்கு அவமானமாக இருக்கிறது. நோயெதிர்ப்பு அமைப்பின் பரிணாமத்தைப் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளைச் சாட்சிக் கூண்டில் பீஹீயிடம் காட்டியபோது, அவை போதாது என்றார். 2005 டிசம்பர் 20ஆம் தேதி, அதிபர் ஜார்ஜ் புஷ்ஷால் நியமிக்கப்பட்ட நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், இது அறிவியல் அல்ல என்றார். பெற்றோர் தரப்பில் முதலில் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர், விசுவாசமுள்ள கத்தோலிக்கர். இந்த வழக்கை விசுவாசிகளுக்கும் நாத்திகர்களுக்கும் நடந்த போராக நம்மிடம் சொல்கிறவர்கள் இந்தச் சாட்சியை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வரலாற்றில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சூழலுக்குப் பொருந்திய உயிர்களே பிழைத்துப் பெருகுகின்றன என்ற இயற்கைத் தேர்வை டார்வினுக்கு இணையாகக் கண்டறிந்த ஆல்ஃபிரட் வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கினார். புக்கித் தீமாவில் பிரெஞ்சுக் கத்தோலிக்க மிஷனரி ஒருவரின் இல்லத்தில் தங்கி, சுற்றியிருந்த காட்டில் இரண்டே மாதங்களில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1858 ஜூலை முதல் தேதி, அவருடைய கட்டுரையும் டார்வினின் குறிப்புகளும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: மனித மனத்தை மட்டும் இயற்கைத் தேர்வால் விளக்க முடியாது, அதற்கு மேலான ஓர் அறிவின் வழிநடத்துதல் வேண்டும் என்று வாலஸ் பிற்காலத்தில் எழுதினார். அதில் நான் அவரோடு முழுவதும் உடன்படவில்லை. ஆனால் அவரை எந்த முகாமுக்குள்ளும் அடைத்துவிட முடியாது.

வேதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு சகோதரர் சொன்னார். "சிஸ்டர், ஆதியாகமத்தை விட்டுவிட்டால் பிறகு எது மிஞ்சும்?" என்று கேட்டார். நான் அதை விடவில்லை. இன்னும் கவனமாக வாசிக்கிறேன். "பூமியானது... பிறப்பிக்கக்கடவது" என்றுதானே அங்கே இருக்கிறது? பூமியைக் கொண்டே தேவன் உயிரைத் தோற்றுவித்தார் என்று வாசிக்க அந்த வசனம் தடையாக இல்லை. சங்கீதம் 139இல் தாவீது, தாயின் கர்ப்பத்தில் தேவன் தன்னைக் காத்ததாகவும், தான் அதிசயமாய் உண்டாக்கப்பட்டதாகவும் பாடுகிறார். கருவுற்ற முட்டை எப்படிப் பிரிந்து குழந்தையாகிறது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு குழந்தையின் ஞானஸ்நானத்திலும் கர்த்தர் தந்த பிள்ளை என்று நன்றி சொல்கிறோம். ஒரு குழந்தைக்கு ஒன்பது மாதம் பொருந்துகிற இந்த விசுவாசம், உயிருலகம் முழுவதற்கும் பல கோடி ஆண்டுகள் பொருந்தாமல் போவது ஏன்?

தமிழ்ச் சூழலில் இதே பிழையின் வேறு வடிவத்தையும் பார்க்கிறேன். திருவாசகத்தில் 'புல்லாகிப் பூடாய்' என்று வருவதைக் காட்டி, டார்வினுக்கு முன்பே பரிணாமம் சொல்லப்பட்டுவிட்டது என்று நண்பர்கள் எழுதுகிறார்கள். அது ஓர் உயிர் பல பிறவிகள் எடுத்து இளைத்ததைச் சொல்லும் உருக்கமான பாடல். இனங்கள் மாறுவதைப் பற்றிய கூற்று அல்ல. எவருடைய மறையானாலும், அதை உயிரியல் பாடநூலாக்குவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அறிவியலின் பெயரால் கடவுள் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறவர்களோடும் நான் உடன்படவில்லை. திமிங்கிலம் எப்படி வந்தது என்று எலும்பு சொல்லும். எதற்காக ஏதாவது இருக்கிறது என்பதற்கு எலும்பில் விடை இல்லை. ஆதாமைப் பற்றியும், மரணத்தைப் பற்றிப் பவுல் ரோமருக்கு எழுதியதைப் பற்றியும் எனக்குள் தீராத கேள்விகள் உண்டு. அவற்றோடுதான் ஜெபிக்கிறேன்.

நம் சபை மூப்பர்களிடம் ஒன்றை வெளிப்படையாகக் கேட்கிறேன். அந்த மாணவியின் கேள்விக்கு ஒரு முழு மாலை நேரத்தைக் கொடுங்கள். அன்று பேசியவரையே மீண்டும் அழையுங்கள், உயிரியல் படித்த ஒரு கிறிஸ்தவரையும் அவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். அவளிடம் நான் தேநீர் நேரத்தில் சொன்ன பதில் இதுதான்: "பரீட்சையில் எழுதுவதையே சபையிலும் சொல், கண்ணு. யாராவது உன் விசுவாசத்தைக் குறை சொன்னால், என்னைக் கூப்பிடு, நான் உன் பக்கத்தில் நிற்பேன்."