ஹில்ஸ்பரோவில் பிழை ரசிகர்களுடையது அல்ல

தம்பி, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலுள்ள ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதானத்தில் நடந்த நெரிசல் பற்றி, “1989 இல் ஹில்ஸ்பரோவில் லிவர்பூல் ரசிகர்கள் குடித்துவிட்டுத் தள்ளுப்பட்டே செத்தார்கள், திருகோணமலையிலும் பெரிய மேட்ச் வைத்தால் ஏகாம்பரம் மைதானத்தில் உயரக் கம்பி வேலி அடிக்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியே பிழை.

அன்று வெளியே நெரிசல் கூடியதும் பெரிய வாசலைத் திறக்கச் சொன்னது பொலிஸ். ஏற்கெனவே நிரம்பி வழிந்த பார்வையாளர் பகுதியின் நடுவுக்குப் போகும் சுரங்கவழியை ஒருவரும் மறிக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் நசுங்கியவர்களை மைதானத்துக்குள் தப்பவிடாமல் வைத்தது நீங்கள் கேட்கிற அதே வேலிதான். 97 உயிர்கள் போயின, அதில் பலர் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள்.

பொலிஸ் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என்று அதை விசாரித்த நீதிபதி டெய்லர் அப்போதே சொல்லிவிட்டார். ரசிகர்களின் நடத்தை காரணமில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016 இல் மரண விசாரணை ஜூரியும் தீர்ப்பளித்தது. குடிகாரர் கதையைப் பரப்பிய பிரித்தானியாவின் ‘சன்’ பத்திரிகை 2012 இல் மன்னிப்புக் கேட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் 27 வருடம் போராடித் துடைத்த பழி இது. தயவுசெய்து திரும்பப் பூசாதீர்கள்.

சரி, எங்கள் மைதானத்துக்கு என்ன தேவை? கொள்ளளவுக்கு மேல் டிக்கெட் விற்காமல் இருப்பது, அகலமான வெளிவாசல்கள், ஒவ்வொரு பகுதியிலும் கூட்டம் எவ்வளவு என்று பார்த்து உடனே வாசலுக்குச் சொல்ல ஒரு ஆள். வேலிக் காசை அதில் போடலாம்.