கில்லார்டு மீதான வெறுப்பு கார்பன் வரியால் வந்ததல்ல

"ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் ஜூலியா கில்லார்டு எதையும் சாதிக்கவில்லை, கார்பன் வரிக்காகத்தான் மக்கள் வெறுத்தார்கள்" என்பது இரண்டு பாதியிலும் தவறு.

2010 தேர்தலில் ஆஸ்திரேலியக் கீழவையின் 150 இடங்களில் அவருடைய லேபர் கட்சிக்குக் கிடைத்தது 72தான். பசுமைக் கட்சி உறுப்பினர் ஒருவர், சுயேச்சைகள் மூவர் சேர்ந்தே 76. அந்த நூலிழையில்தான், கரியமில வாயு வெளியிடும் நிறுவனங்கள் மீது கட்டணம் விதிக்கும் கார்பன் மசோதா 2011 அக்டோபரில் 74-72 என்று தேறியது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுச் சட்டமும் (2013) அவர் காலத்ததே.

"கார்பன் வரி வராது" என்று 2010 தேர்தலுக்கு முன் சொன்னது உண்மை. அதைக் கேட்பது நியாயமான விமர்சனம். ஆனால் ஒரு செனட்டர், பிள்ளை பெறாததற்காக அவரை "வேண்டுமென்றே மலடாக இருப்பவர்" என்றது 2007இல். அப்போது கில்லார்டு எதிர்க்கட்சித் துணைத் தலைவர். கார்பன் வரியே கிடையாது. 2011 மார்ச்சில் தலைநகர் கான்பெராவில் நடந்த கார்பன் வரி எதிர்ப்புக் கூட்டத்தில் அவரைச் சூனியக்காரி என்ற பதாகையில் கொள்கை எங்கே இருந்தது?